ஷின்ஜுக்கு சந்துகளில் மாலை உலா: நீங்களாவது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவுக்கு வரும் நம்மவர்களை, ஒரு தடவைக்கு ஐந்தாறு பேருக்கு மிகாமல், சாயங்காலம் ஷின்ஜுக்கு சந்துகளுக்குக் கூட்டிப்போவது சில வருடங்களாக என் வேலை. ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் ஒமொய்தே யோகோச்சோ என்கிற சந்தில் குச்சியில் செருகிச் சுட்ட கோழியான யாக்கிதோரியோடு தொடங்குவோம், நடுவில் குடிக்கவும் கொறிக்கவுமான இசகாயா ஒன்று, கடைசியில் கோல்டன் கய் பகுதியில் ஏதாவது ஒரு குட்டி பார். வந்த புதிதில் நான் செய்த அதே பிழைகளை ஒவ்வொரு குழுவிலும் யாராவது செய்கிறார்கள். டிப்ஸ் வைக்காதே, சாப்ஸ்டிக்கைச் சோற்றில் குத்தி நிறுத்தாதே என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

சைவம் என்பதைக் கடையில் உட்கார்ந்த பிறகு சொல்வது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். போன புரட்டாசியில் நான்கு பேர் வந்தார்கள். ஒரு மாதம் முன்பே பதிவு செய்தவர்கள், சாப்பாட்டில் ஏதாவது தவிர்க்க வேண்டுமா என்று நான் கேட்டதற்கு "எல்லாம் சாப்பிடுவோம்" என்று பதில் போட்டவர்கள். இரண்டாவது கடையில் எட்டே நாற்காலி, அதில் ஐந்து எங்களுக்கு. தட்டு வரும் நேரத்தில் ஒருவர் மெதுவாக, "அண்ணா, நான் புரட்டாசி மாசம் கவுச்சி தொடமாட்டேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே போனில் பார்த்து "நிக்கு தாமே" என்று சொல்லிவிட்டார். கடைக்கார அம்மா சிரித்த முகத்தோடு தலையாட்டி, அவருக்கென்று தனியாக, பொரித்த தோஃபுவைச் சாற்றில் வைத்துத் தரும் அகெதாஷி தோஃபு செய்து கொண்டுவந்து வைத்தார். நான் தடுப்பதற்குள் இவர் பாதி சாப்பிட்டும் விட்டார். பிறகு மேலே நெளிகிற பழுப்புச் செதில் என்னவென்று கேட்டார். கட்சுஓபுஷி, காய்ந்த மீனைச் சீவியது. அடியில் இருக்கும் சாறும் அதில் இறக்கியதுதான்.

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அந்த அம்மா தன்மேல் எந்தத் தப்பும் இல்லாமல் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருவது அதற்குத்தான்.

ஜப்பானியத்தில் நிக்கு என்றால் இறைச்சி மட்டும். மீன் அதில் வராது, மீனில் இறக்கிய தாஷி சாறு நிச்சயம் வராது. மிசோ சூப், சோபா நூடுல்ஸின் குழம்பு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைச் சுருள் என்று பெரும்பாலான சாதாரணக் கடைகளில் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த தாஷிதான் இருக்கும். யாக்கிதோரிக் கடையில் மிளகாயும் காளானும் சுடுவார்கள், சரி, ஆனால் தாரே என்கிற இனிப்புச் சாறு வேண்டும் என்றால் கோழிக் குச்சிகள் முக்கியெடுத்த அதே ஜாடியில்தான் உங்கள் காளானும் முங்கி வரும். "ஷியோ" என்று உப்பு மட்டும் கேட்டால் சாறு தப்பும், சுடும் அடுப்பு எப்படியும் ஒன்றுதான். அதுவும் ஆகாது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கடைக்காரர்களிடம் கோபித்துப் பயனில்லை. ஒமொய்தே யோகோச்சோ போர் முடிந்த கையோடு கள்ளச்சந்தையாக முளைத்த இடம், அரிசியும் மாவும் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் குடலையும் ஈரலையும் சுட்டு விற்றே வளர்ந்தது. இரண்டு ஆள் நிற்க முடியாத அடுப்படியில், மதியமே வாங்கி வெட்டி வைத்ததைத்தான் இரவு தருகிறார்கள். நீங்கள் உட்கார்ந்தபிறகு சொன்னால் அவர்களிடம் இருப்பது அவித்த சோயாக்காயான எதமாமே, குளிர்ந்த தக்காளி, வெள்ளரிக்காய், அவ்வளவுதான். உங்களுக்கென்று வாங்கிய கோழிக்கும் காசு போகும், நீங்கள் வெறும் வயிற்றில் ஹைபால் (சோடா கலந்த விஸ்கி) குடிப்பீர்கள், மூன்றாவது கடைக்குப் போகும் முன்பே தலை சுற்றும். அதையும் பார்த்திருக்கிறேன்.

நானும் செய்த தவறுதான் இது. வந்த முதல் வருடம் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவை ஒரு சோபா கடைக்கு அழைத்துப்போய், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லி, காய்கறி போட்ட கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து மீன் தொடாத மனிதர். குழம்பு நன்றாக இருக்கிறது என்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். இரண்டு நாள் கழித்து எனக்கு விஷயம் தெரிந்து, அவரிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. மிச்ச நாட்கள் முழுக்க என்னோடு வெளியே சாப்பிட வராமல் பழமும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

ஆகவே பதிவு செய்யும்போதே எழுதுங்கள். சைவம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை என்று ஒவ்வொன்றாக ஆகும், ஆகாது என்று எழுதுங்கள். விரதம், மாலை போட்டிருப்பது, சனிக்கிழமை மட்டும் என்பது எல்லாம் இதில் அடக்கம். முன்னால் தெரிந்தால் கொம்பு என்கிற கடற்பாசியிலும் ஷீதாகே காளானிலும் சாறு இறக்கும் கடையாகப் பார்த்து வழியையே மாற்றிவிடலாம், பௌத்த மடத்துச் சமையலான ஷோஜின் ரியோரி அப்படித்தான் செய்யப்படுகிறது. தனியாகப் போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "நிக்கு மோ, சாக்கானா மோ, தாஷி மோ தாபேராரேமாசென்." இறைச்சி, மீன், தாஷி எதுவும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம்.

கேட்காத தட்டுக்குச் சண்டை போடுவது

உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கிண்ணம் வரும், பில்லில் 300 முதல் 500 யென் ஏறியிருக்கும். அது ஓதோஷி. பேர்தான் சாப்பாடு, உண்மையில் இருக்கைக்கான காசு. கோல்டன் கய்யில் பல பார்களில் இதையே தனிக் கட்டணமாகக் கதவில் எழுதி வைத்திருப்பார்கள், நுழையும் முன் படியுங்கள். ஆறேழு பேர் உட்காரும் இடத்தில் ஒரு பீரை மூவர் பகிர்ந்து ஒரு மணி நேரம் இருந்தால் அந்த ஆள் வாடகை எப்படிக் கட்டுவார்? தலைக்கு ஒரு கிளாஸாவது சொல்லுங்கள். மது வேண்டாதவர்களுக்கு ஊலாங் டீ இருக்கிறது.

முதல் கடையிலேயே வயிற்றை நிரப்புவது

இரண்டு குச்சி போதும்.

கடைசி நேரத்தில் ஆள் சேர்ப்பது

"இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க" என்பார்கள். நாற்காலி இல்லை. பெட்டியோடு நேராக விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இதே பதில், ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்.

பத்தொன்பது வயது மகனுக்கு ஒரு வாய் கொடுப்பது

கூடாது. 2022-இல் வயதுவந்தோர் என்பதற்கான வயதை 18 ஆக்கினார்கள், குடிக்கும் வயது 20 அப்படியே இருக்கிறது.

இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் கடைக்குக் கூப்பிடுகிறவர் பின்னால் போவது

ஒருபோதும் வேண்டாம். எவ்வளவு நல்ல தமிழோ ஆங்கிலமோ பேசினாலும்.

கடைசி ரயிலை மறப்பது

நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும், மறுபடி ஓடுவது விடிகாலை நாலரை ஐந்துக்குத்தான். டாக்ஸிக்கு இரவு பத்திலிருந்து ஐந்து மணிவரை 20 சதவீதம் கூடுதல். நகரின் கிழக்குக் கோடியில் நிஷிகசாய் பக்கம் தங்குகிறவர்கள் பதினொன்றேகாலுக்கே எழுந்துவிடுங்கள், பில்லுக்கான காசை ரொக்கமாகக் கையில் வைத்துக்கொண்டு. குட்டி பார்களில் கார்டு வாங்காத இடங்கள் இன்னமும் நிறைய.