1870-க்கு முன்னால் பெயர் இல்லாதவர்களைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் குடும்ப வேரைத் தேடுகிறீர்களா? 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள், விடுதலை பெற்றவர்கள் மொத்தமாகப் பெயரோடு பதிவானது அதில்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனியாக எழுதிய அடிமை அட்டவணைகளைத் திறந்தால் மனசு கனத்துவிடும்: எஜமானரின் பெயர் இருக்கும், கீழே வரிசையாக வயது, பாலினம், நிறம், பெரும்பாலும் அவ்வளவுதான்.

சரி, அப்புறம்? அந்த எஜமானரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேடுங்கள். மாடு, கலப்பையோடு சேர்த்து மனிதர்களின் பெயரையும் விலையையும் எழுதி வைத்திருப்பார்கள். எல்லோரும் எஜமானரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865-இல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளை விட்டுவிடவே கூடாது, கணக்குத் தொடங்க வந்தவர் சொன்ன பிறந்த ஊர், அப்பா, அம்மா, சில சமயம் விற்கப்பட்டுப் பிரிந்துபோன அண்ணன் தங்கையின் பெயர்கூட அதில் கிடைக்கும்.