லித்தியம் சாப்பிடுபவர் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

பைபோலார் கோளாறுக்கு (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய்) லித்தியம் மிக நல்ல மருந்து. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருந்தால் போதும், சிலருக்கு 1.0 வரை வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. முதியவர்களுக்கு அதற்குக் கீழேயே தொல்லை வரலாம். மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலேயே இந்த அளவு ஏறிவிடும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறுவதற்குக் காரணம் சிறுநீரகம். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் உப்பிலுள்ள சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். அதனால் பிரஷருக்காகத் திடீரென்று உப்பைக் குறைக்காதீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டாம். கத்திரி வெயிலில் வேலை செய்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் அடுத்த மாத்திரை. பெரும்பாலும் சரியாகும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

அடுத்தது வலி மாத்திரை. மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை லித்தியம் அளவை ஏற்றும். பாரசிட்டமால் பரவாயில்லை. எனலாபிரில், லோசார்டான் போன்ற பிரஷர் மருந்துகளும், தயசைடு வகை நீர்மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் லித்தியம் சீட்டைக் காட்டுங்கள்.

ரத்தப் பரிசோதனையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கடைசி டோஸ் சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணி. காலையிலும் மாத்திரை உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகே அதைப் போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகத் தெரியும், தேவையில்லாமல் டோஸைக் குறைத்துவிடுவார்கள். லேபில் இன்னொன்றும் கவனியுங்கள்: பச்சை மூடிக் குழாய்கள் சிலவற்றில் லித்தியம் ஹெப்பாரின் பூசியிருக்கும். அதில் ரத்தம் எடுத்தால் குழாயிலுள்ள லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும். “இது லித்தியம் டெஸ்ட்” என்று எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டோஸ் மாறினால் 5 முதல் 7 நாள் கழித்து இந்த டெஸ்ட் எடுக்க வேண்டும், அளவு நிலையான பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்), தைராய்டு, கால்சியம் 6 மாதத்துக்கு ஒருமுறை.

டம்ளரைப் பிடிக்கும்போது விரல் லேசாக நடுங்குவது பலருக்கும் உண்டு. அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். டம்ளரிலுள்ள தண்ணீர் தளும்பிச் சிந்தும் அளவுக்குக் கை உதறினால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால், ஆள் மந்தமாகவோ குழப்பமாகவோ இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. மனம் மிகவும் சோர்ந்திருக்கும் நாட்களில் மாத்திரைகளை வீட்டிலுள்ள ஒருவர் வைத்துக்கொண்டு அந்தந்த வேளைக்கு எடுத்துக் கொடுக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ (டெலி மானஸ்) எந்நேரமும் அழைக்கலாம்.

“நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று தானாக நிறுத்துபவர்கள் நிறையப் பேர். சட்டென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். டாக்டரே நிறுத்தினாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான் குறைப்பார். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே லித்தியம் பற்றி டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.