உணவகங்களில் பிளாஸ்டிக்கைக் குறைக்க மாணவர்கள் செய்ய வேண்டியவை: ஒரு ஸ்பூனில் இருந்து தொடங்கலாம்

உணவக உரிமையாளரிடம் போய் "பிளாஸ்டிக்கை நிறுத்துங்கள்" என்றால், "பார்க்கலாம்" என்ற பதிலோடுதான் திரும்பி வருவீர்கள். "ஒரு மணி நேரத்தில் இத்தனை ஸ்பூன் யாரும் கேட்காமலே பார்சலில் போகிறது, கேட்பவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டால் அவர் நின்று பேசுவார். இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு வருவதற்கான வழிமுறை இது.

படி 1: குழுவும் கடையும்

மூன்று நான்கு பேர் போதும். கடையும் ஒன்றே போதும். பார்சல் அதிகம் போகிற, உரிமையாளர் கடையிலேயே இருக்கிற, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுகிற இடமாக இருந்தால் நல்லது. கிளைகள் உள்ள பெரிய உணவகம் என்றால், எந்த டப்பா வாங்குவது என்பது மேலாளர் கையில் இருக்காது. பார்சல் கட்டும் முறையை மாற்றுவது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும். அவரிடம் அதை மட்டும் கேளுங்கள்.

படி 2: எண்ணுங்கள்

முதலில் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். சொல்லாமல் ஓரமாக நின்று குறிப்பெடுப்பவர்களை எந்தக் கடைக்காரரும் நம்ப மாட்டார். மூன்று நாட்கள், தினமும் கூட்டம் மிகுந்த ஒரு மணி நேரம் எண்ணுங்கள். அதில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருக்கட்டும்.

நோட்டில் ஸ்பூன், ஸ்ட்ரா, கப், மூடி, டப்பா, சாஸ் பொட்டலம், கவர் என்று வரிசை போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: "கேட்டு வாங்கியது", "கேட்காமல் போனது". இந்த இரண்டாவது கட்டம்தான் உங்கள் வேலைக்கே அடிப்படை. மொத்த ஆர்டர் எண்ணிக்கையையும் குறியுங்கள். அது இல்லாவிட்டால் கூட்டம் உள்ள நாளையும் இல்லாத நாளையும் ஒப்பிடவே முடியாது.

குப்பைத் தொட்டியைப் பார்த்துக் கணக்குப் போடுவது பலர் செய்யும் தவறு. பார்சலில் போனது வீட்டுக் குப்பையில் விழுகிறது. கடைத் தொட்டியில் அதில் எதுவும் தெரியாது. ஒரு பெட்டி ஸ்பூன் எத்தனை நாளில் தீர்கிறது என்று கேட்டு, உங்கள் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

எண்ணும்போது பார்சல் கட்டுபவரின் கையைக் கவனியுங்கள். டப்பாவை மூடியதும் கை தானாகப் பக்கத்துப் பெட்டிக்குள் போகும். இரண்டு ஸ்பூன், நான்கு டிஷ்யூ கவருக்குள் விழும். அவசரத்தில் எண்ணிப் போட நேரமில்லை, குறைந்தால் வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்ற பயமும் உண்டு. நீங்கள் மாற்ற வேண்டியது இந்தக் கைப்பழக்கத்தைத்தான்.

படி 3: ஒரே ஒரு பொருள்

கேட்காமல் அதிகம் போகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் ஸ்பூன் அல்லது சாஸ் பொட்டலமாக இருக்கும். எடுத்துக்காட்டாக, நாளுக்கு 80 பார்சல், ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் என்றால் 30 நாளில் 4,800. கால்வாசிப் பேர் மட்டுமே கேட்டு வாங்கினால் 1,200 போதும். மிச்சமாகும் 3,600-ஐக் கடையின் கொள்முதல் விலையால் பெருக்கினால், உரிமையாளருக்குச் சொல்ல வேண்டிய தொகை கிடைத்துவிடும்.

படி 4: பேசுங்கள்

கூட்டம் ஓய்ந்த நேரத்தில், ஒரு பக்கக் கணக்கோடு, இரண்டு பேர் மட்டும் போங்கள். பத்து நிமிடத்தில் முடியுங்கள். "வாடிக்கையாளர் கோபப்படுவார்" என்றால், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லப் போவதில்லை என்பதைத் தெளிவாக்குங்கள். நிரந்தரமாக மாற்றச் சொல்லாமல், இரண்டு வாரம் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சமூக ஊடகத்தில் எழுதிவிடுவோம் என்ற தொனி ஒரு முறை வந்தாலும், அந்தக் கடையில் உங்கள் வேலை முடிந்தது.

படி 5: இரண்டு வாரச் சோதனை

ஸ்பூன் பெட்டியைக் கைக்கு எட்டும் இடத்திலிருந்து எடுத்துக் கவுண்டருக்குக் கீழே வையுங்கள். இது சின்ன வேலைதான், ஆனாலும் சுவரில் ஒட்டும் எந்த நோட்டீஸையும் விட இது அதிகம் உதவும்.

"ஸ்பூன் வேண்டுமா?" என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு, பில்லில் குறித்துவிட வேண்டும். பார்சலைக் கட்டிய பிறகு கேட்டால் யாரும் பிரித்து எடுக்க மாட்டார்கள். செயலி வழி ஆர்டர் வாங்கும் கடையாக இருந்தால், ஸ்பூன் "வேண்டாம்" என்பதை இயல்பு அமைப்பாக வைக்க முடியுமா என்று பாருங்கள்.

ஸ்ட்ராவை முழுவதுமாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் சிலருக்கு வளையும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா இல்லாமல் குடிக்க முடியாது. ஒரு பெட்டி எப்போதும் இருக்கட்டும். கேட்பவரிடம் காரணம் கேட்க வேண்டாம்.

படி 6: மாற்றுப் பொருள், அதுவும் கடைசியாக

பெரும்பாலோர் இங்கிருந்துதான் தொடங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள். காகிதக் கப்பின் உள்ளே வழக்கமாக பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஒன்று இருக்கும். ஒரு கப்பைக் கிழித்து வெந்நீரில் ஊறப் போட்டுப் பிசையுங்கள்: காகிதம் கூழாகிப் பிரிய, மெல்லிய படலம் ஒன்று கையில் நிற்கும். உரிமையாளருக்கு அதைக் காட்டினால் விளக்கமே தேவையில்லை.

தாவர மூலத்திலிருந்து வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும்; சூடான பானத்தில் வளைந்துவிடும். அது மட்குவதற்கும் ஏறக்குறைய அதே வெப்பத்தில் இயங்கும் தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும். அப்படி ஒன்று அருகில் இல்லாத ஊரில் அதை வாங்கச் சொல்வது பணத்துக்குக் கேடு.

கடையிலேயே சாப்பிடுபவர்களுக்குக் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்கள்தான் சரி. கழுவ ஆளும் இடமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாடிக்கையாளர் சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால், அவரே மூடியைத் திறந்து ஒரு தட்டில் வைக்கட்டும். கரண்டி பாத்திரத்தில் படாமல் ஊற்றினால் சுத்தம் பற்றிய பயம் தீரும். எடை போட்டு விற்கும் பொருளானால் காலிப் பாத்திரத்தை முதலில் நிறுக்க வேண்டும். வாடிக்கையாளரின் பாத்திரத்தில் உணவு கொடுப்பதை உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: மறுபடி எண்ணுங்கள்

அதே நேரம், அதே கட்டங்கள், மூன்று நாட்கள். மொத்த எண்ணிக்கையை விட, ஒரு ஆர்டருக்கு எத்தனை என்பதை ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் முதலில் பார்சல் கட்டும் ஊழியரிடம் காட்டுங்கள், பிறகு உரிமையாளரிடம். குறையவில்லை என்றால் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது மேலே ஏறியிருக்கும். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேரும்போதும் இதுவே நடக்கும். மாதம் ஒரு முறை போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வர ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.