கெளுத்தித் தூண்டில்: அழுகலும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

கெளுத்திக்குத் தூண்டில் போடுகிறவர் பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சும்மா இருக்கும் சுகத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. தூண்டில் கம்பான ராடைத் தாங்கியில் சாய்த்துவிட்டு, இருட்டில் அதன் நுனியில் ஒரு கண்ணும் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் கதையில் ஒரு காதுமாக இரவைக் கழிக்கலாம். ஆனால் வேறு மீன்களுக்குப் பழகிய கையோடு வருகிறவர்கள் இதில் நிறையவே சறுக்குகிறார்கள். மீன் கண்ணால் பார்த்துத்தான் இரை எடுக்கிறது என்ற நினைப்பே பெரும்பாலும் காரணம்.

கெளுத்தி சுவையால் வழி தேடுகிற மீன். மீசையில் மட்டுமல்ல, செதில் இல்லாத அதன் தோல் முழுக்கச் சுவை மொட்டுகள் இருக்கின்றன. கலங்கல் தண்ணீரிலும் கும்மிருட்டிலும், கரைந்து வருகிற சுவையைப் பிடித்தபடியே இரையிடம் வந்து சேர்ந்துவிடும்.

இதைக் கேட்டதும் பலர், 'அப்படியானால் நாறுகிற இரைதான் சரி' என்று முடிவுகட்டி, அழுகிப்போன குடலைக் கொண்டுவருகிறார்கள். நாற்ற இரைக்கு வருகிற கெளுத்திகளும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரிய மீன் வேண்டுமென்றால் புதிதாக வெட்டிய மீன் துண்டுதான் என் தேர்வு. கோழி ஈரல் நல்ல இரைதான், ஆனால் தண்ணீரில் சீக்கிரமே வெளுத்துச் சாரமில்லாமல் போய்விடும். வெளுத்த ஈரலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பது வெறும் தூண்டில் முள்ளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது போலத்தான். இன்னொன்று, கொசு மருந்து தடவிய கையோடு இரையைத் தொடாதீர்கள்.

அடுத்தது இடம். தூரமாக எறிந்தால்தான் பெரிய மீன் என்று ஒரு நம்பிக்கை. பகலில் ஆழக் குழியிலும் விழுந்த மரத்தடியிலும் பதுங்கும் கெளுத்தி, இரவில் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீருக்கே மேய வரும். ஆற்றில் என்றால் குழிக்குச் சற்று மேலே, நீரோட்டம் வருகிற பக்கமாக இரையைப் போடுங்கள். சுவையை ஓட்டமே குழிக்குள் கொண்டுபோகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்தால் இது நடக்காது. அரை மணி, முக்கால் மணி நேரம் பொறுத்தும் அசைவே இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள்.

சத்தம் கூடாது என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. கரையில் பேசுகிற பேச்சு தண்ணீருக்குள் அவ்வளவாகப் போகாது. ஆனால் தரையில் வாளியைத் தொப்பென்று வைத்தால் போகும். கெளுத்தியின் காற்றுப்பையையும் உட்காதையும் சிறு எலும்புகள் இணைப்பதால் அதற்குக் கேட்கும் திறன் அதிகம்.

கைகள் பரபரக்கும் கட்டம் இதற்குப் பிறகுதான். ராடு நுனி இரண்டு முறை டொக், டொக் என்று ஆடும். உடனே சுண்டி இழுத்தால் இரை மட்டும்தான் திரும்பி வரும். நுனி மெல்ல வளைந்து, வளைந்தபடியே நிற்கும்வரை விடுங்கள். சர்க்கிள் ஹூக், அதாவது முனை உள்பக்கமாக வளைந்த தூண்டில் முள், போட்டிருந்தால் சுண்டவே வேண்டாம். நிதானமாக ரீலைச் சுற்றினால் போதும், முள் தானாக வாயோரத்தில் மாட்டும். அந்த முள்ளின் முனையை இரைக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி விடவேண்டும். ராடை அப்படியே வைத்துவிட்டுத் தேநீர் போடப் போகிறவர்கள், ராடே தண்ணீருக்குள் போவதைப் பார்க்கத் தயாராக இருக்கட்டும்.

மீன் கரையேறிய பிறகு நடக்கும் தவறுதான் வலிக்கும். மீசை கொட்டும் என்று பயந்து, துடுப்பைப் பிடித்தவன் நான். மீசை ஒன்றும் செய்யாது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று துடுப்புகளில் இருக்கும் கூர்முள்தான் ஆபத்து. பல இனங்களில் அதில் விஷமும் உண்டு. மிரண்டதும் மீன் அவற்றை விரித்துப் பூட்டிக்கொள்ளும். அன்று என் கட்டைவிரல் மறுநாள்வரை வீங்கியிருந்தது. குத்துப்பட்டால் கழுவிவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் விரலை வைத்திருந்தால் வலி குறையும். முள் உடைந்து உள்ளே இருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சின்ன மீனென்றால், கையை நனைத்துக்கொண்டு வயிற்றுப் பக்கமாகப் பிடித்து, பக்கத்துடுப்பு முள்களுக்குப் பின்னால் விரல்களை அணைத்து வையுங்கள். உலர்ந்த துணியால் பிடித்தால் அதன் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும். திரும்ப விடுகிற மீனுக்கு நோய் தொற்றாமல் காக்கும் போர்வை அதுதான்.