குளிர்காலக் கரையோரத்து உள்ளான் கூட்டம்: நினைவிலிருந்து இனம் காண்பது எப்படி

கரையோரம் 50, 60 சின்னப் பறவைகள் மேய்கின்றன. சட்டென்று எழுந்து, ஒரே திருப்பத்தில் வெள்ளையாக மின்னிவிட்டுப் போய்விடுகின்றன. பிறகு கையேட்டைத் திறந்தால் எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும்: மேலே சாம்பல், கீழே வெள்ளை. கூடு கட்டும் நாட்களில் ஒவ்வொன்றுக்கும் இருந்த செம்மையும் கருப்பும் உதிர்ந்த பிறகுதான் இவை நம் கண்ணில் படுகின்றன. அதனால் நிறத்தை மனதில் ஏற்றிக்கொண்டு பயனில்லை. நடை, அலகு, கால், பறக்கும்போது தெரியும் பின்முதுகு, இந்த நான்கையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடை. பார்த்த 5 விநாடியிலேயே கூட்டத்தை உப்புக்கொத்திகள், உள்ளான்கள் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். உப்புக்கொத்திகள் கண்ணால் இரை தேடுபவை. உருண்டைத் தலை, பெரிய கண், குட்டை அலகு. நாலைந்து அடி விறுவிறுவென்று ஓடும், சிலைபோல நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளான்களோ பெரும்பாலும் அலகு நுனியின் தொடு உணர்வால் சேற்றுக்குள் இரையைத் தேடுபவை. அதனால் குனிந்த தலை நிமிராமல் தையல் ஊசிபோலக் குத்திக்கொண்டே நகரும். "நின்று நின்று ஓடியதா, நிற்காமல் குத்தியதா?" வேறு எல்லாம் மறந்தாலும் இதற்குப் பதில் நினைவில் தங்கும்.

அடுத்து அலகு. அதன் நீளத்தைச் செ.மீ. கணக்கில் யூகிக்க வேண்டாம், அந்தப் பறவையின் தலையோடு ஒப்பிடுங்கள். கென்டிஷ் உப்புக்கொத்திக்குத் தலையில் பாதிதான் இருக்கும். கொசு உள்ளானுக்குத் தலையைவிடக் குட்டை. சாண்டர்லிங்கும் ஒரு உள்ளான்தான், அதற்கு ஏறக்குறையத் தலையளவு, நேரானது. கர்லூ உள்ளானுக்குத் தலையைப்போல ஒன்றரை மடங்கு, சீராகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இன்னொரு உள்ளானான டன்லினின் அலகு அதைவிடச் சற்றுக் குட்டை, நுனி மட்டும் லேசாகத் தொங்கும்.

கூட்டம் பறந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையேட்டைத் திறக்காமல் எழுதுங்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் அதில் உள்ள கால் நிறமும் கழுத்து வளையமும், நாமே பார்த்ததுபோல நினைவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடவே ஒரு சின்னப் படமும் வரையுங்கள்: உடம்புக்கு ஒரு பெரிய முட்டை, தலைக்கு ஒரு சிறிய முட்டை, அலகுக்கு ஒரு கோடு, கால் இரண்டு. ஓவியத் திறமை வேண்டியதில்லை. பார்க்காத இடத்தைக் காலியாக விடுங்கள், அல்லது கேள்விக்குறி போடுங்கள். காலியாக விட்ட இடமும் ஒரு தகவல்தான்.

இனி ஆட்களைப் பார்ப்போம். அலை பின்வாங்கும்போது அதைத் துரத்திக்கொண்டு இறங்கி, அடுத்த அலை வந்ததும் அதன் விளிம்புக்கு முன்னால் சின்னக் கருங்கால்கள் மங்கலாகத் தெரியும் வேகத்தில் மேலேறி ஓடினால், அது அநேகமாகச் சாண்டர்லிங். கூட்டத்திலேயே வெளிறியது அதுதான். மடக்கிய சிறகின் முன்விளிம்பில் ஒரு கரும்பட்டை எட்டிப் பார்க்கும், பறக்கும்போது அகலமான வெள்ளைக் கோடு பளிச்சிடும். பின்விரல் கிடையாது.

கொசு உள்ளான் சிட்டுக்குருவியைவிடச் சிறியது, 12 முதல் 14 செ.மீ. கால் கருப்பு. அதே அளவில் மஞ்சள் கலந்த வெளிர்க்கால் தெரிந்தால் அது டெம்மிங்க் உள்ளான், அது அலைக்கரையைவிட நன்னீர்ச் சேற்றையே விரும்பும். கர்லூ உள்ளானையும் டன்லினையும் பிரிக்க, பறக்கும்போது பின்முதுகைப் பாருங்கள். முழுக்க வெள்ளையானால் கர்லூ, வெள்ளையின் நடுவே கருங்கோடு ஓடினால் டன்லின்.

உப்புக்கொத்திகளில் பின்கழுத்துதான் சாவி. வெள்ளை வளையம் கழுத்தைச் சுற்றி முழுதாகப் போனால் கென்டிஷ், மார்பின் இரு பக்கமும் கருந்திட்டுகள் நடுவே சேராமல் நிற்கும். வளையம் இல்லாமல் பின்கழுத்து பழுப்பாகவே இருந்தால் மணல் உப்புக்கொத்தி. அதில் சிறியதா பெரியதா என்பது தேர்ந்தவர்களையே திணறடிக்கும் கேள்வி. அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரை உள்ள தூரத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அலகு அதைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெரிய மணல் உப்புக்கொத்தி. இதை மட்டும் நினைவிலிருந்து சொல்ல முயல வேண்டாம், படம் இருந்தால்தான் தேறும்.

பிசகுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். சேறு ஒட்டிய மஞ்சள் கால் கருப்பாகத் தெரியும், அதனால் கால் நிறத்தை முடிந்தால் நீரில் நிற்கும் பறவையில் பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாமே கருநிழல்தான், வெயில் முதுகில் படும்படி நின்றுகொள்ளுங்கள். மூன்றாவது அளவு. தொலைநோக்கியில் தனியாகத் தெரியும் பறவையின் அளவை நம்பவே கூடாது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு பறவையோடு ஒப்பிட்டுப் பார்த்தது மட்டுமே கணக்கில் சேரும். கூட்டம் முழுக்க ஒரே இனம் என்று எண்ணுவதும் தவறு, 40 மணல் உப்புக்கொத்திகளுக்கு நடுவே ஒரு கொசு உள்ளான் சாதாரணமாக நிற்கும்.

நேரம் தேர்ந்தெடுக்க முடிந்தால் நீர் ஏற்றத்தின் கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்தில் போங்கள். சேற்றுப் பரப்பு சுருங்கச் சுருங்கப் பறவைகள் தாமாகவே நம் பக்கம் நெருங்கும். நீர் முழுதாக ஏறியதும் ஒற்றைக்காலில், அலகை முதுகு இறகுக்குள் செருகித் தூங்கிவிடும். அப்போது எண்ணிக்கை எடுக்கலாம், அலகைப் பார்க்க முடியாது.

செப்டம்பர், அக்டோபரில் அந்த ஆண்டு பிறந்த சில இளம் பறவைகளுக்கு இளம்பருவ இறகு மிச்சம் இருக்கும். கொசு உள்ளானாக இருந்தால் முதுகில் ஒரு வெளிர் 'வி' தெரியும். மார்ச் வாக்கில் கர்லூ உள்ளானின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறத் தொடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாதது இருக்கும். அதை "சிறு உள்ளான், இனம் தெரியவில்லை" என்று தேதியோடும் நீர்மட்டத்தோடும் எழுதிவையுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டிலும் அப்படிப் பதிய இடம் இருக்கிறது.