பாதியில் நின்ற கற்கருவி: கண்டெடுத்தவுடன் நாம் விடும் தவறுகள்

பண்டாரவளைப் பக்கம் பெருமழை ஓய்ந்த மறுநாள் தேயிலை மலையில் கான் (மழைநீர் ஓடும் வாய்க்கால்) ஓரமாக நடந்தால், அரித்துப்போன செம்மண்ணில் வெள்ளைக் கல்துண்டுகள் பளிச்சென்று தெரியும். பெரும்பாலானவை வெறும் கல். சிலவற்றில் மட்டும் மனிதக் கை பட்டிருக்கும்; அவை ஆதிமனிதர் செதுக்கிய கற்கருவிகள். சுவிஸ் ஆய்வாளர்கள் பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் இருவரும் 1907இல் இலங்கைக்கு வந்து கற்கருவிகளைத் தேடியபோது, தேயிலைத் தோட்டத் துரை ஜோன் போல் (John Pole) என்பவரும் மலைநாட்டில் அவற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பத்து வயதில், அப்பா கான் வெட்டிய இடத்தில் வேப்பிலை அளவில் ஒரு கல் கிடைத்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். முனை மழுங்கியிருக்கிறதே என்று லயத்துச் சீமெந்துப் படியில் தீட்டி கூராக்கினேன். அந்த முனையை முதலில் யார் எப்படி விட்டிருந்தார் என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தம் இன்றும் எனக்குண்டு. கழுவுவதும் தீட்டுவதும்தான் முதல் தவறு. ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே விடுங்கள்.

அடுத்தது, இன்டர்நெட்டில் வரும் அமெரிக்க அம்புமுனைப் படங்களை வைத்து ஒப்பிடுவது. அடியில் இருபுறமும் பள்ளம் வெட்டிய அந்த வடிவத்தைத் தேடினால், நம் மலைக் கருவிகளெல்லாம் ‘முடியாத வேலை’ போலத்தான் தோன்றும். இங்கே கிடைப்பவற்றில் பல 4 சென்ரிமீற்றருக்கும் குறைந்த நுண்கற்கருவிகள். பிறை, முக்கோணம், சரிவகம் என்று வடிவம் இருக்கும். அநேகமாக குவாட்ஸ் (வெள்ளைப் படிகக்கல்), அரிதாக சேர்ட் (நுண்மணியான கடினக் கல்). பலாங்கொடை முனை என்று பெயர் பெற்ற, செதுக்கிய கூர்முனைகளும் உண்டு.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் பிறை வடிவக் கருவிதான். அதன் ஒரு விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். மறு விளிம்பு செங்குத்தாகச் சிறு சிறு செதில் (தட்டும்போது பெயரும் கல்துண்டு) உரித்து மழுங்கடிக்கப்பட்டிருக்கும். ‘ஒரு பக்கம் தீட்டி முடித்தான், மறுபக்கம் விட்டுவிட்டான்’ என்று சொல்லிவிடுவோம். அப்படியில்லை. பிசின் வைத்து மரத்தண்டில் பதிக்கும் பக்கம் அது. வேண்டுமென்றேதான் மழுங்கடித்தார்கள். அது முழுமையாக முடிந்த வேலை. அதுபோல், ஒரு முகம் வழவழப்பாகவும் மறுமுகம் செதுக்கியும் இருந்தாலும் அதை அரைகுறை என்று நினைக்க வேண்டாம். பெரிய கல்லிலிருந்து பிரிந்த செதிலின் உட்புறம் அப்படித்தான் இருக்கும்.

அப்படியானால் பாதியில் நின்றதை எப்படி அறிவது? விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முடிந்த முனையில் கோடு ஓரளவு நேராக ஓடும். முடியாததில் பாம்புபோல் வளைந்து நெளியும். இருபுறமும் மாறி மாறிப் பெரிய செதில்களை எடுத்தவர், விளிம்பைச் சீராக்கும் சிறு தட்டல்களுக்கு இன்னும் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். நடுவில் தடித்திருக்கும். கல்லின் பழைய மேல்தோல் எங்காவது ஒட்டியிருக்கலாம். முகத்தின் நடுவில் படிபடியாக உடைந்த தழும்புகள் குவிந்து ஒரு திமில் நின்றால் கூர்ந்து பாருங்கள். தட்டிய ஒவ்வொரு அடியும் உள்ளே ஓடாமல் அதே இடத்தில் முறிந்திருக்கிறது. மெலிதாக்க முடியாமல் அவர் கைவிட்ட இடம் அதுவே. எனக்கு ஓர் அழகான முனையைவிட இந்தத் திமில்தான் பெரிது. செய்தவரின் கை தடுமாறிய கணம் அங்கே அப்படியே நிற்கிறது.

குவாட்ஸ் விஷயத்தில் அவசரம் கூடாது. எங்கள் மலைப்பாறைகளில் அது நரம்பு நரம்பாக ஓடுகிறது. தானாகவே கோணல்மாணலாக உடையும். சேர்ட்டில் தட்டிய இடத்துக்குக் கீழே தெரியும் குமிழ்போன்ற புடைப்பு குவாட்ஸில் பல நேரம் தெளிவாகத் தெரியாது. ஒரேயொரு கூர்முனையை மட்டும் நம்பாதீர்கள். தழும்புகள் ஓர் ஒழுங்கில் விளிம்பைச் சுற்றி வருகின்றனவா, பக்கத்தில் சிறு செதில்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். மண்வெட்டி பட்ட புதுத் தழும்பு, குறிப்பாக சேர்ட்டில், மற்ற இடங்களைவிட நிறம் மாறிப் பளபளக்கும்.

வயதும் சொல்லிவிடாதீர்கள். புளத்சிங்களப் பக்கத்துப் பாஹியன் குகையில் நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. அந்தக் கணக்கு கல்லின் தோற்றத்தை வைத்து வந்ததல்ல. கரி போன்றவை கிடந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது. கானோரக் கல்லுக்கு அந்த அடுக்கு போய்விட்டது.

இதனால்தான் தோண்டுவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். உங்கள் காணியில் கிடைத்தது என்பதற்காக மட்டும் அது உங்கள் சொத்தாகாது. கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து இருபுறமும் படம் எடுங்கள். தோட்டத்தில் எந்த நம்பர் மலை, கானின் எந்தக் கரை, எவ்வளவு ஆழம், என்ன நிற மண் என்று எழுதிக்கொள்ளுங்கள். சுற்றிக் கிடக்கும் செதில்களைக் கிளறாமல், தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.