வேகமாகத் தேய்வதெல்லாம் ஆற்றல் கடத்தல் அல்ல

பச்சை இலைகளில் வெயிலை வாங்கிச் சேர்க்கும் எல்.எச்.சி-2 என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். பட்டாணி இலையிலிருந்துகூடப் பிரித்தெடுக்கலாம். அதில் குளோரோஃபில் பி 650 நானோமீட்டர் பக்கத்திலும் குளோரோஃபில் ஏ 675 பக்கத்திலும் ஒளியை உறிஞ்சும். பி-யைக் கிளர்த்தினால் அந்த ஆற்றல் சில பிக்கோவினாடிக்குள் (ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஏ-க்குப் போய்விடும். இதைப் பார்க்கத்தான் பம்ப்-புரோப் சோதனை: முதல் லேசர் துடிப்பு (பம்ப்) கிளர்த்தும், சற்றுத் தாமதமாக வரும் இரண்டாவது துடிப்பு (புரோப்) என்ன நடந்தது என்று பார்க்கும்.

சோதனை எப்படியும் ஒரு தேய்வு வளைவை, அதாவது தாமதம் கூடக் கூடச் சமிக்ஞை குறைவதைக் காட்டும் கோட்டை, கொடுத்துவிடும். அது எதனுடைய தேய்வு என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பெரிய தவறு, பம்ப் ஒளியை அளவுக்கு மீறி ஏற்றுவது. உறிஞ்சலில் தெரியும் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், அதனால் ஏற்றத் தோன்றுவது இயல்பு. இந்தப் புரதம் மும்மூன்றாகச் சேர்ந்து நிற்கும். ஒரு தொகுதியில் மொத்தம் 42 குளோரோஃபில்கள். இருபதில் ஒரு நிறமி கிளர்ந்தால் போதும், ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டு கிளர்வுகள் வந்துவிடும். அவை அலைந்து திரிந்து ஒன்றையொன்று சந்திக்கும்போது ஒன்று அழிந்து வெப்பமாகிவிடும். சில நானோவினாடி வாழ வேண்டிய கிளர்வு பிக்கோவினாடிகளில் தேய்ந்ததுபோலத் தெரியும். புதிய கடத்தல் பாதை கிடைத்துவிட்டது என்று அதைப் படித்தால் கதை கந்தல். நிறமிக்கு எத்தனை ஃபோட்டான் என்று கணக்குப் போடுவது இங்கே உதவாது. ஒரு தொகுதிக்கு எத்தனை என்று பாருங்கள், அது ஒன்றுக்கு வெகுவாகக் குறைவாக இருக்கட்டும். அப்புறம் பம்ப் ஆற்றலைப் பாதியாக்குங்கள். சமிக்ஞையும் பாதியாகி, வளைவின் வடிவம் மாறாமல் இருந்தால் சரி. வடிவம் மாறினால் இன்னும் இறக்குங்கள்.

கொடுக்கும் பக்கத்தின் தேய்வை மட்டும் வைத்துக் கடத்தல் என்று சொல்லிவிடுவதும் பரவலான பழக்கம். 650-இல் குறைவது 675-இல் அதே வேகத்தில் ஏற வேண்டும். அந்த ஏற்றம் தெரியாவிட்டால், பம்ப் துடிப்பே ஏ-யை நேரடியாகக் கிளர்த்தியதா என்று முதலில் கேளுங்கள். துடிப்பு குறுகக் குறுக அதன் நிறப்பட்டை விரியும்: 800 நானோமீட்டரில் 100 ஃபெம்டோவினாடித் (பிக்கோவினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோவினாடி) துடிப்புக்கு ஏறத்தாழ 9 நானோமீட்டர் அகலம், 10 ஃபெம்டோவினாடிக்கு 90-க்கும் மேல். வெறும் 25 நானோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு நிறமிகளில் ஒன்றை மட்டும் தொட, மிகக் குறுகிய துடிப்பு உதவாது. சோதனைக் கூடங்களில் குறுகிய துடிப்புக்கு இருக்கும் மவுசு கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பூஜ்ய நேரத்தில் தெரியும் கூர்முனையை நம்ப வேண்டாம். இரண்டு துடிப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது கரைப்பானும், மாதிரியை வைக்கும் சிறு பெட்டியான குவெட்டின் கண்ணாடியும்கூடச் சமிக்ஞை தரும். வெறும் கரைப்பானை அதே நிலையில் அளந்து ஒப்பிடுங்கள். வெண்ணொளிப் புரோபில் சிவப்பு முன்னே வரும், நீலம் பின்னே வரும். இதைத் திருத்தாமல் விட்டால் பூஜ்ய நேரமே நிறத்துக்கு நிறம் மாறி, இல்லாத ஏற்றமெல்லாம் தெரியும்.

பம்ப், புரோப் முனைவுத் தளங்களுக்கு (ஒளி அலை அதிரும் தளங்களுக்கு) இடையே 54.7 பாகை வைக்க மறக்காதீர்கள். ஆற்றல் வேறு திசையில் நிற்கும் நிறமிக்குத் தாவினாலே இரண்டு தளங்களும் இணையாக இருக்கும்போது சமிக்ஞை குறையும். கிளர்வு அழிந்ததாக அது ஏமாற்றும்.

கண்ணாடிகளை நகர்த்தி ஒளியின் பாதையை நீட்டித் துடிப்பைத் தாமதப்படுத்தும் தாமத மேடை தரும் தொல்லை வேறு. ஒளி போய்த் திரும்புவதால், ஒரு நானோவினாடித் தாமதத்துக்கு மேடை 15 சென்டிமீட்டர் நகர வேண்டும். கற்றை நேராக இல்லாவிட்டால் நகர நகர மாதிரியில் விழும் இடம் விலகி, பொறுமையான ஒரு தேய்வு தானாக உருவாகும்.

வளைவில் அலையலையாக ஏற்ற இறக்கம் தெரிந்தால் உடனே குவாண்டம் என்று பாயாதீர்கள். 2007-இல் பெர்க்லியில் கிரஹாம் ஃபிளெமிங் குழு, பச்சைக் கந்தக பாக்டீரியாவின் எஃப்.எம்.ஓ புரதத்தில், 77 கெல்வினில், 660 ஃபெம்டோவினாடி வரை நீடித்த அலைவுகளைக் கண்டது. மின்னணு ஒத்திசைவு (கிளர்வு பல நிறமிகளில் ஒரே நேரத்தில் அலைபோலப் பரவி நிற்கும் குவாண்டம் நிலை) ஆற்றலுக்கு வழிகாட்டுகிறது என்ற பேச்சு பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள், அவ்வளவு நேரம் நீடிக்கும் அலைவுகள் பெரும்பாலும் மூலக்கூறின் அதிர்வுகள்தான் என்று காட்டின. அறை வெப்பநிலையில் மின்னணு ஒத்திசைவு 60 ஃபெம்டோவினாடி அளவிலேயே அடங்கிவிடுவதாக 2017-இல் வெளியான ஓர் அளவீடு சொன்னது.

அளவிடுவதற்கு முன்னும் பின்னும் மாதிரியின் சாதாரண உறிஞ்சல் நிறமாலையை எடுத்து வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மாதிரி கெட்டிருக்கிறது; இடையில் எடுத்த தரவை ஒதுக்கிவிட்டு, மாதிரியைக் கலக்கியபடியோ ஓடவிட்டோ மறுபடி அளக்க வேண்டியதுதான்.